குளுகுளு பஸ்: கழற்றுவதா, வைத்துக் கொள்வதா?

சனிக்கிழமை இரவு பெங்களூரில் பஸ் ஏறி ஞாயிறு விடிகாலையில் திருப்பதியில் இறங்கும் தமிழர்கள் ஏராளம். ஆலைத் தொழிலாளியும் உண்டு. ஆபீஸ் குமாஸ்தாவும் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் உத்தியோகம் பார்த்துக் கொண்டு, மாதம் ஒரு முறை வேலூர், திருவண்ணாமலை, சேலம் என்று சொந்த ஊருக்குப் போய் வருகிறவர்கள் இன்னும் அதிகம். டிக்கெட் எடுக்கும்போது இவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏ.சி. உண்டா?" உண்டு என்றால் கூடுதல் கட்டணம் கொடுத்து ஏறிக் கொள்கிறார்கள். அந்த ஏ.சி. பஸ்ஸோடு பிறந்ததா, பிற்பாடு கூரையில் ஏற்றி வைத்ததா என்று கேட்பவர் கிடையாது.

கேட்க வேண்டிய கேள்வி அது என்பதை 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காட்டி விட்டது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த வழித்தடத்தையே எடுத்துக் கொள்ளலாம்.

பெங்களூரிலிருந்து கோலார், முல்பாகல் தாண்டி பலமநேர் வரையில் மேட்டுப் பூமி. மார்கழி, தை மாதங்களில் ஜன்னலைச் சாத்தி, துண்டைக் காதில் சுற்றிக் கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பலமநேரைக் கடந்து மொகிலி கணவாயில் இறங்கினால் காற்று மாறி விடும். சித்தூர் வந்தால் வெக்கை. அங்கிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ.; சித்திரை, வைகாசியில் அந்த 70 கி.மீ. தூரமும் அடுப்பங்கரை மாதிரிதான். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறினாலோ மறுபடி குளிர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம் அது. ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று சீதோஷ்ணங்களைப் பார்த்து விடுகிற பாதை. இந்தப் பாதையில் ஓடும் பஸ்ஸுக்குக் குளிர் சாதனம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் பயணி ஒரு பதில் சொல்வார், பஸ் முதலாளி ஒன்று சொல்வார், டிரைவர் வேறொன்று சொல்வார்.

டிரைவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான டீசல் பஸ்களில் ஏ.சி.யின் கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் சுற்றினால்தான் அது சுற்றும். அது சுற்றுவதற்கு வேண்டிய சக்தியை எஞ்சினிலிருந்தே பிடுங்கிக் கொள்ளும். சமவெளியில் இது உறைப்பதில்லை. சித்தூரிலிருந்து பலமநேர் பக்கம் கணவாய் ஏறும்போது எஞ்சினுக்குத் தன் பாரமே போதும். அப்போது டிரைவர் சற்று நேரம் ஏ.சி.யை நிறுத்தினால் பயணிகள் அவரைக் கஞ்சன் என்று முணுமுணுக்கிறார்கள். அவர் மிச்சம் பிடிப்பது டீசலை அல்ல, இழுவையை.

பஸ் பிறக்கும்போது ஒன்று, வளரும்போது ஒன்று

லாரியும் பஸ்ஸும் ஒரே உருவத்தில் ஆயுள் முழுவதும் இருப்பதில்லை. கம்பெனியிலிருந்து வருவது பல சமயம் வெறும் சேசிஸ்தான். அதன் மேல் பாடி கட்டுகிறவர்கள் வேறு. இந்தத் தொழிலில் நம்முடைய கரூருக்குத் தென்னிந்தியா முழுவதும் பெயர் உண்டு. பாடி கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஓடிய பிறகு, உட்காரும் இருக்கைகள் படுக்கைகளாக மாறும். படுக்கை பஸ் மறுபடி இருக்கை பஸ்ஸாகும். ஏ.சி. இல்லாத பஸ்ஸின் கூரையில் ஒரு பெட்டி முளைக்கும். ஏ.சி. பஸ்ஸில் கம்ப்ரசர் செத்துப் போனால், சீர் செய்யக் கட்டுப்படியாகாமல் அதைக் கழற்றி எறிந்து விட்டுக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஆள் ஏற்றப் போகும். இன்னும் வயதான பிறகு நடமாடும் கேன்டீன், நடமாடும் மருத்துவமனை, ரத்ததான வண்டி என்று வேறு வேறு அவதாரம்.

திருப்பதிக்காரர்களுக்கு மாற்றிக் கட்டிய வண்டி புதிதல்ல. 1982-ல் என்.டி. ராமராவ் கட்சி தொடங்கி ஆந்திரம் முழுவதும் சுற்றிய 'சைதன்ய ரதம்' பழைய செவர்லே வேன் ஒன்றைப் புதுப்பித்துச் செய்ததுதான். அடுத்த வருஷத் தேர்தலில் அவர் வென்ற தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று. மாற்றிக் கட்டிய வண்டிகளில் அவ்வளவு தூரம் போனது வேறொன்று இருக்காது!

வண்டியை மாற்றிக் கட்டும்போது இருக்கை எத்தனை, பெயிண்ட் என்ன நிறம் என்பதெல்லாம் சுலபமாக முடிவாகி விடும். முதலிலேயே இருக்கும் குளிர் சாதனத்தையும் ஹீட்டரையும் என்ன செய்வது என்பதில்தான் கணக்குத் தப்புகிறது.

எத்தனை டன் குளிர்?

வீட்டு ஏ.சி.யை ஒரு டன், ஒன்றரை டன் என்று சொல்கிறோம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன். மின்சாரக் கணக்கில் சுமார் மூன்றரை கிலோவாட். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். பஸ்ஸில் 45 பேர் என்றால் 4,500 வாட். அதாவது, ஆட்களின் உடம்புச் சூட்டை விரட்ட மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். அதோடு தகரக் கூரையில் காய்கிற வெயில், இரண்டு பக்கமும் கண்ணாடி, கீழே எஞ்சின் சூடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடுவது. எல்லாம் சேர்த்து 12 மீட்டர் நீள பஸ்ஸுக்கு எட்டு, பத்து டன் வரை தேவைப்படுகிறது. அரை டஜன் வீட்டு ஏ.சி.களைக் கூரையில் சுமந்து கொண்டு போகிற மாதிரி.

இந்தப் பெரிய சாதனத்தை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எனவே ஓடுகிற வண்டியில் இது உபயோகம். நிற்கிற வண்டியில் உபயோகமில்லை. பஸ்ஸைப் பயணிகள் பஸ்ஸாகவே வைத்திருக்கப் போகிறீர்களா, வேறு எதற்காவது நிறுத்தி வைக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தே கழற்றுவதும் வைப்பதும் முடிவாக வேண்டும்.

அமெரிக்காவில் பழைய பள்ளிக்கூட பஸ்ஸையும் கிரேஹவுண்ட் மாதிரியான நெடுந்தூர பஸ்ஸையும் வாங்கி, சமையலறை, படுக்கை எல்லாம் வைத்து வீடாக்கிக் குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத விவகாரம் இதுதான். பஸ்ஸோடு வந்த ஏ.சி. ஓடும்போது வீடு முழுவதையும் குளிர்விக்கும். ஆனால் ராத்திரி ஓரமாக நிறுத்தித் தூங்கும்போது எஞ்சினை ஓட விட முடியுமா? எனவே பலர் அதைக் கழற்றி விட்டு, அதன் இடத்தைச் சாமான் வைக்க எடுத்துக் கொண்டு, சிறிய ஏ.சி.யை வேறு மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். நீண்ட தூரம் ஓட்டிக் கொண்டே இருப்பவர்கள் பழையதை வைத்துக் கொள்கிறார்கள். சென்னை சினிமாக்காரர்களின் கேரவன் வண்டியும் முதல் ரகம்தான்: படப்பிடிப்பு இடத்தில் நாள் முழுவதும் நிற்கிற வண்டிக்கு ஜெனரேட்டர் துணை.

நின்று கொண்டே வேலை செய்த பஸ்களை ஆந்திர மக்களும் பார்த்திருக்கிறார்கள். 2020-ம் வருஷம் கொரோனா காலத்தில் ஆந்திர அரசு போக்குவரத்துக் கழகத்தின் 'இந்திரா' ஏ.சி. பஸ்கள் ஐம்பது போல பரிசோதனை வண்டிகளாக மாற்றப்பட்டு, 'சஞ்சீவினி' என்ற பெயரில் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. இருக்கைகளை எடுத்து விட்டு, பக்கவாட்டில் கவுண்ட்டர்கள் அமைத்தார்கள். மக்கள் வெளியே நிற்க, ஊழியர் உள்ளே இருந்தபடி மாதிரி எடுத்தார்கள். உச்சி முதல் பாதம் வரை கவச உடை போட்டுக் கொண்டு ஆந்திர வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் ஒருவருக்குக் குளிர் சாதனத்தைச் சொகுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜெனரேட்டர் வைத்து விட்டால் பிரச்னை தீர்ந்து விடுவதாகவும் நினைக்கக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையில் இருந்த துவாரம் வழியாக உள்ளே கசிந்து, கார்பன் மோனாக்சைடு வாயு அவர்களைக் கொன்றது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து கண்டார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் விழிப்பதில்லை. பஸ் நிலையத்தில் எஞ்சினை ஓட விட்டு, ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திக் கொண்டு உறங்கும் டிரைவர், கிளீனர்களும் இதைத் தெரிந்து கொள்ள வேண்டியவர்கள்.

கழற்றினால் காற்று எங்கே?

இனி, கழற்றுகிற கதை. கம்ப்ரசர் பழுதானதும் முதலாளிக்கு முதலில் தோன்றுவது, "எடுத்து விடு, டீசலாவது மிச்சமாகும்" என்பதே. எடுப்பதில் தவறில்லை. ஆனால் குளிர் சாதன பஸ்ஸாகவே கட்டப்பட்ட வண்டியின் ஜன்னல் கண்ணாடி திறக்காது. அடியோடு ஒட்டியிருப்பார்கள். சாதனத்தை எடுத்து விட்டுக் கண்ணாடியை அப்படியே விட்டால், அந்த பஸ் சக்கரம் வைத்த இட்லிப் பானைதான்.

கொரோனா காலத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. ஏ.சி. போடக் கூடாது என்ற நிலை வந்தபோது, சாதாரண பஸ்கள் ஜன்னலைத் திறந்து கொண்டு ஓடின. தமிழக அரசின் ஏ.சி. பஸ்களோ பல மாதங்கள் டெப்போவிலேயே நின்று, 2021 அக்டோபரில்தான் மறுபடி சாலைக்கு வந்தன. திறக்காத கண்ணாடிக்கு மாற்று இல்லாததே காரணம். ஆகவே சாதனத்தை எடுப்பவர் ஜன்னல் சட்டங்களையும் மாற்றித் தள்ளுக் கண்ணாடி போட்டாக வேண்டும். கூரையில் காற்றுத் துவாரம் வைக்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால், பல நேரங்களில் கம்ப்ரசரைப் பழுது பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.

கூரையிலிருந்து பெட்டியை இறக்கிய இடத்தில் ஓட்டைகள் இருக்கும். சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசி மழை நேரே பயணியின் தலையில். பெல்ட்டையும் கம்ப்ரசர் தாங்கியையும் முழுக்க எடுக்காமல் பாதி விட்டு வைப்பதும், குழாய்களை வெட்டி உள்ளிருக்கும் வாயுவை ஆகாயத்தில் விடுவதும் சில ஒர்க் ஷாப்களில் சகஜம். பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-12 வாயு, வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டன. இந்தியாவும் 2010-க்குள் நிறுத்தியது. அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. அதை ஒரு சிலிண்டரில் பிடித்து வைத்தால் மறுபடி உபயோகமாகும், காசும் மிச்சம். ஆர்-12 வாயுவுக்கென்று செய்த பழைய சாதனத்தில் ஆர்-134ஏ வாயுவை அப்படியே ஏற்றுவதும் கூடாது. உள்ளே ஓடும் எண்ணெய், ஈரம் உறிஞ்சும் டிரையர், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கம்ப்ரசர் எண்ணெய் கிடைக்காமல் இறுகி விடும்.

ஹீட்டர் எதற்கு என்று சித்தூர்க்காரர் சிரிக்கலாம். வெந்நீர் போடுவதற்கே விறகு வேண்டாத ஊர்! ஆனால் சில உயர் ரக பஸ்களில் ஹீட்டரும் சேர்ந்தே வருகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகி வரும்போது, அதில் ஒரு பகுதியை ஹோஸ் வழியாக உள்ளே கொண்டு வந்து, சிறு ரேடியேட்டர் ஒன்றின் மேல் காற்றை ஊதினால் வெதுவெதுப்புக் கிடைக்கும். செலவில்லாத சூடு. வேண்டாம் என்று ஹோஸை வெட்டி, முனையை ஒழுங்காக இணைக்காமல் விட்டால் தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும். எஞ்சின் கொதிக்கும்போதுதான் டிரைவருக்குத் தெரியும். பெரும்பாலும் கணவாய் ஏற்றத்தில்.

இன்னொரு விஷயம் அதிகம் பேர் யோசிக்காதது. டிரைவருக்கு எதிரே உள்ள பெரிய கண்ணாடியில் மூடுபனி படியாமல் காற்று ஊதும் ஏற்பாடு, பல வண்டிகளில் இதே ஏ.சி., ஹீட்டரோடு சேர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் திருமலைப் பாதையில் மேகம் இறங்கி நிற்கும். உள்ளே நாற்பது பேர் மூச்சு, வெளியே குளிர். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பாதை மறைந்து போகும். குளிர் சாதனம் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பதால் அந்த ஆவி நொடியில் மறையும். பயணிகளுக்கு வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள், டிரைவர் கண்ணாடிக்கான ஏற்பாட்டையாவது விட்டு வைக்க வேண்டும். கைத்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே வளைவில் திரும்புவது மலைப்பாதையில் விளையாட்டல்ல.

ஒட்ட வைத்தால் வரும் ஆபத்து

கழற்றுவதில் வருவது பெரும்பாலும் சங்கடம். இல்லாததை ஒட்ட வைப்பதில் வருவது உயிராபத்து.

2025 அக்டோபர் 14-ந் தேதி ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று, ஊரைத் தாண்டிச் சற்று தூரத்திலேயே தீப்பற்றியது. இருபதுக்கும் அதிகமானோர் மாண்டனர். பஸ் பழசல்ல, சாலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தது. ஏ.சி. இல்லாத பஸ் என்று பதிவாகி, பின்னர் ஏ.சி. பஸ்ஸாக மாற்றப்பட்டது என்றும், ஏ.சி.யில் ஏற்பட்ட மின்கசிவே தீக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் முதல் விசாரணையிலேயே செய்தி வந்தது. கதவு திறக்கவில்லை. நடுவில் ஒடுங்கிய வழி. கண்ணாடிகள் மூடியவை. வெளியேற முடியாமல் உள்ளேயே பலர் கருகினார்கள்.

பத்தே நாளில், அக்டோபர் 24-ந் தேதி விடிவதற்கு முன், ஆந்திரத்திலேயே அடுத்தது. ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போன ஏ.சி. படுக்கை பஸ், கர்நூலுக்கு அருகே சின்னடேகூரில் சாலையில் கிடந்த மோட்டார் சைக்கிளை இழுத்துக் கொண்டு போய்த் தீப்பிடித்தது. பஸ் பயணிகள் 19 பேர் இறந்தனர். இங்கே தீயை மூட்டியது ஏ.சி. அல்ல. ஆனால் ஏ.சி.க்காக வைத்திருந்த பாட்டரிகளும், சரக்காக ஏற்றியிருந்த நூற்றுக்கணக்கான செல்போன்களும் வெடித்துத் தீயைப் பெருக்கின என்று தீயணைப்புத் துறையினர் தெரிவித்தனர். இருக்கை பஸ்ஸாக அனுமதி பெற்ற வண்டி படுக்கை பஸ்ஸாக மாற்றப்பட்டிருந்தது என்ற புகாரும் எழுந்தது. இதே பெங்களூர் - ஐதராபாத் சாலையில், 2013 அக்டோபர் 30-ந் தேதி பாலேம் என்ற இடத்தில் சொகுசு பஸ் எரிந்து 45 பேர் இறந்ததை ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஏ.சி. ஒட்டினால் ஏன் தீ? பஸ்ஸில் ஓடும் மின்சாரம் 24 வோல்ட். வீட்டில் 230 வோல்ட். காற்று ஊதும் விசிறிகளுக்கும் கூரை மேல் இருக்கும் விசிறிகளுக்குமாக 2,400 வாட் தேவை என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் இதற்கு ஏறக்குறைய பத்து ஆம்பியர் போதும். பஸ்ஸில் 100 ஆம்பியர் பாய வேண்டும். வயரில் பாயும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஏ.சி. பஸ்ஸாகவே பிறந்த வண்டிக்குத் தடித்த வயர், பெரிய ஆல்டர்னேட்டர், தனித் தனி பியூஸ், வயர் உரசாமல் போகும் வழி எல்லாம் முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சாதாரண பஸ்ஸுக்கு விளக்கும் ஹாரனும் வைப்பரும்தான் கணக்கு. அந்த வயரிங்கிலேயே ஏ.சி.யைக் கோர்த்து விட்டு, பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸாக மாட்டினால், பியூஸுக்குப் பதில் வயர் உருகும். வயர் ஓடுவது எங்கே? கூரைக்கும் உள் பலகைக்கும் இடையில். ரெக்சினுக்கும் பஞ்சுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில். புகை கண்ணில் படும்போது தீ தலைக்கு மேல் வெகு தூரம் ஓடியிருக்கும்.

இதில் இரண்டாவது ஆபத்து, குளிர் தப்பாமல் இருக்க ஜன்னலை மூடுவது. ஏ.சி. இல்லாத பஸ்ஸில் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு வாசல். அவசரத்துக்கு எகிறிக் குதிக்கலாம். அதையெல்லாம் ஒரே கண்ணாடியாக அடைத்து விட்டு, ஆபத்துக் கால வழியை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டால், அல்லது அதன் குறுக்கே ஒரு படுக்கையும் போட்டு விட்டால், அது பஸ் அல்ல, பெட்டி.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதிக்கப்பட்ட மாற்றமானாலும் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. பஸ் பாடிக்கு 'ஏ.ஐ.எஸ். 052' என்ற விதித் தொகுப்பும், படுக்கை பஸ்ஸுக்கு 'ஏ.ஐ.எஸ். 119' என்ற தொகுப்பும் இருக்கின்றன. எத்தனை அவசர வழி, எவ்வளவு அகலம், எளிதில் தீப்பற்றாத துணி எது என்பதெல்லாம் அவற்றில் அடக்கம். நெடுந்தூர பஸ்களிலும் பள்ளி பஸ்களிலும் பயணிகள் இருக்கும் பகுதியில் தீ எச்சரிக்கை, தீத் தடுப்பு ஏற்பாடுகள் வேண்டுமென்று 2022 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது.

புதிய வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு முறையும் எப்.சி. எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எப்.சி.க்குப் போகும்போது ஒரு கோலமும், திரும்பி வந்த பிறகு வேறு கோலமுமாக மாற்றிக் கொள்வது கஷ்டமில்லை. ஒரு மாநிலத்தில் பதிவாகி இன்னொரு மாநிலத்தில் ஓடும் பஸ்ஸை வருஷம் முழுவதும் பின்தொடர்ந்து பார்ப்பவர் யார்? கர்நூலில் எரிந்த பஸ், டாமனில் பதிவாகி ஒடிசாவுக்கு மாறியது. ஓடியது ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே.

அரசு பஸ்களில் இந்தத் தில்லுமுல்லுக்கு இடம் குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பது நின்று விட்டது. அவை உடைப்புக்குத்தான் போக வேண்டும். கழித்த அரசு பஸ்ஸை ஏலத்தில் எடுத்து, பெயிண்ட் அடித்து இன்னும் பத்து வருஷம் ஓட்டுகிற பழைய கதைக்கு இதனால் பெரும்பாலும் முற்றுப்புள்ளி விழுந்தது.

மலைப்பாதையில் மின்சார பஸ்

திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்தது 1944-ல். 1974-ல் இரண்டாவது பாதை வந்த பிறகு ஏற ஒன்று, இறங்க ஒன்று என்றானது. தேவஸ்தானம் நடத்தி வந்த பஸ் போக்குவரத்து 1975-ல் அரசு போக்குவரத்துக் கழகத்தின் கைக்கு வந்தது. வெகு காலம் இந்தப் பாதையில் ஏ.சி. என்ற பேச்சே இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மூலிகை வாசனையோடு மலைக்காற்று முகத்தில் அடிக்கும். அதற்கே சண்டை நடக்கும்.

2022 செப்டம்பர் 27-ந் தேதி அலிபிரியில் அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி மின்சார பஸ்களைத் துவக்கி வைத்தார். மொத்தம் 100 பஸ்கள் கொண்ட திட்டம். மலைப்பாதைக்கு 50, ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து திருமலைக்கு 14, மதனப்பள்ளி, நெல்லூர், கடப்பைக்குத் தலா 12 என்று பிரித்தார்கள். ஒன்பது மீட்டர் நீளம், எல்லாம் குளிர் சாதனம் கொண்டவை. இறங்கும்போது பிரேக் பிடிக்கும் வேகமே மின்சாரமாகி பாட்டரிக்குத் திரும்புவதால், மலைப்பாதை இந்த ரகத்துக்கு ஏற்றதாக அமைந்தது.

இந்த பஸ்கள் மின்சார பஸ்ஸாகவே பிறந்தவை. இன்று நாட்டில் பழைய டீசல் பஸ்ஸின் எஞ்சினை எடுத்து விட்டு மோட்டாரும் பாட்டரியும் வைத்து மின்சார பஸ்ஸாக்கும் வேலையும் நடக்கிறது. அங்கே ஏ.சி. கேள்வி தலைகீழாகி விடுகிறது. பெல்ட் போட எஞ்சினே இல்லாதபோது பழைய கம்ப்ரசர் எதற்கு? மின்சாரத்தில் ஓடும் வேறு கம்ப்ரசர் வேண்டும். ஹீட்டருக்குச் சுடுதண்ணீரும் கிடைக்காது. குளிர் நாடுகளில் பஸ்ஸைச் சூடாக்கவே பாட்டரியில் கணிசமான பகுதி போய் விடுவது இதனால்தான். சித்தூர் போன்ற ஊர்களில் குளிர்விக்கப் போகும். எவ்வளவு குளிரோ அவ்வளவு கி.மீ. குறையும். டீசல் காலத்தில் முதலாளி லிட்டர் கணக்குப் பார்த்தார். இனி யூனிட் கணக்கு.

சொந்த ஊருக்கு ராத்திரி பஸ் பிடிக்கும் தொழிலாளிக்கு இந்த விவரமெல்லாம் வேண்டுமா என்றால், சில வேண்டும். கூரையில் ஏ.சி. பெட்டி இருக்கிறதே, ஜன்னல் சட்டம் பழைய தள்ளுக் கண்ணாடிச் சட்டமாக இருந்து மேலே புதிதாக ஒட்டியிருக்கிறதா? பெட்டிக்குப் போகும் வயர் வெளியே தொங்குகிறதா? ஆபத்துக் கால வழி எந்தப் பக்கம், அதன் எதிரில் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா? கண்ணாடியை உடைக்கச் சுத்தியல் மாட்டியிருக்கிறதா, அல்லது அதைத் தொங்க விடும் கொக்கி மட்டும் இருக்கிறதா? ஏறி உட்கார்ந்த இரண்டு நிமிஷத்தில் கண்ணால் பார்த்து விடக் கூடியவை இவை. ரப்பர் கருகும் வாசனை வந்தால், முன்னால் போய் டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்வதில் வெட்கப்படத் தேவையில்லை. தெலுங்கு சரளமாக வராவிட்டாலும் "பஸ் ஆபண்டி" என்ற இரண்டு வார்த்தை போதும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஏ.சி. இல்லாத சூப்பர் லக்சரி பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு சித்தூர் வழியாகப் போகிற குடும்பஸ்தர்களுக்குக் குறைச்சல் இல்லை. பலமநேர் பக்கம் வந்ததும் அவர்களே ஜன்னலைச் சாத்திக் கொள்கிறார்கள்.